பியானோவுக்குள் ஒரு ஹார்ப்சிகார்ட்



மிகப் பழைய பியானோவின் ஒலியைக் கேட்டதும், "என்ன இது, ஹார்ப்சிகார்ட் மாதிரி கணகணவென்று இருக்கிறதே!" என்று பலரும் சொல்வார்கள். அதைக் குறையாகவே சொல்வார்கள். அது குறைதானா?

ஹார்ப்சிகார்ட் ஒரு மீட்டுக் கருவி. கட்டையை அழுத்தினால் உள்ளேயிருக்கும் இறகுத் தண்டு தந்தியைச் சுண்டிவிடும். வீணையை மீட்டும் விரலுக்கு உள்ள சுதந்திரம் அந்த இறகுக்குக் கிடையாது. மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஏறத்தாழ ஒரே அளவு ஒலிதான்.

புளோரன்ஸ் நகரில் மெடிச்சி அரண்மனையில் பணியாற்றிய பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி, இறகுக்குப் பதில் சுத்தியலை வைத்தார். 1700ஆம் ஆண்டின் அரண்மனைப் பட்டியலிலேயே அந்தக் கருவி இருக்கிறது. 1711இல் அதைப் பற்றி எழுதிய மாஃபெய் அதற்குத் தந்த பெயர் என்ன தெரியுமா? 'மெல்லவும் பலமாகவும் ஒலிக்கும் ஹார்ப்சிகார்ட்'! அன்றைய காதுக்கு அது வேற்றுக் கருவி அல்ல. விரலுக்குக் கட்டுப்படுகிற ஹார்ப்சிகார்ட், அவ்வளவுதான். 1732இல் ஜியுஸ்தினி அதற்கென்றே 12 சொனாட்டாக்களை வெளியிட்டபோது, எங்கே மெல்ல, எங்கே பலமாக என்று குறித்தே அச்சிட்டார்.

ஒலி ஒத்திருந்ததற்குக் காரணம் எளிது. மெல்லிய தந்திகள், இலேசான மரப்பெட்டி, காகிதச் சுருளின்மேல் தோல் ஒட்டிய சிறு சுத்தியல். இன்றைய பியானோவிலோ வார்ப்பிரும்புச் சட்டம், ஏறத்தாழ 20 டன் இழுவிசை, தடித்த கம்பளி போர்த்திய சுத்தியல். கம்பளி, ஒலியின் கூர்மையை விழுங்கிவிடுகிறது. நாம் 'பியானோ ஒலி' என்று பழகியிருப்பது 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது.

கிறிஸ்டோஃபோரி செய்த பியானோக்களில் மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன. 1722இல் செய்தது ரோமில் இருக்கிறது. பூச்சி அரித்துவிட்டதால் வாசிக்க முடியாது. 1726இல் செய்தது லைப்சிக்கில். 1720இல் செய்தது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரும்பொருளகத்தில் இருக்கிறது, அதை வாசிக்கலாம். ஆனால் 1938இல் பழுதுபார்த்தபோது அதன் ஒலிப்பலகையையே மாற்றிவிட்டார்கள். ஒலிக்கு உயிர்நாடியே அந்தப் பலகைதான்! கிறிஸ்டோஃபோரி கேட்ட ஒலி இனி அதிலிருந்து வராது. நல்லெண்ணத்தில் செய்த வேலைதான், இழப்பு இழப்புதானே?

ஆகவே, நடுவர் அவர்களே, பழைய பியானோ கணகணவென்று ஒலிக்கிறதே என்று புதுக் கம்பளி போடப் புறப்படுபவர்கள், கழற்றப்போகும் தோல் யார் ஒட்டியது என்று முதலில் விசாரிக்கட்டும்.