பதினொன்றாம் வகுப்புக்கு எத்தனை லட்சம்?

வருஷத்துக்கு மூன்று, நான்கு லட்சம் கேட்கும் பள்ளியில் பேரனைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கலாமா என்று நம் அங்கத்தினர்கள் பலர் கேட்கிறார்கள். சிலர் ரிடையர்மெண்ட் பணத்திலிருந்தே கொடுக்கத் தயார். அதனால்தான் ஒளிக்காமல் பேசுகிறேன்.

பொதுப் பிரிவில் ஐ.ஐ.டி.யில் சேர, பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் இருந்தால் போதும். இடத்தைத் தருவது ஜே.இ.இ. ரேங்க். தில்லி பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பி.காம். சேரவும் 2022 முதல் க்யூட் தேர்வு வந்துவிட்டது. நீட் எழுதுகிறவர்களுக்கு என்.சி.இ.ஆர்.டி. புத்தகம்தான் வேதம், கேந்திரீய வித்யாலயா பையன் படிப்பதும் அதே புத்தகம். கோச்சிங்குக்கு வேறு தனியாகக் கட்டப் போகிறோம். பிறகு பள்ளிக்கு எதற்கு இத்தனை? நீச்சல் குளத்துக்கா?

படிப்பில் திணறும் குழந்தைக்குச் சிறிய வகுப்பும் ஸ்பெஷல் எஜுகேட்டரும் நிஜமாகவே கிடைத்தால், அந்தப் பணம் தகும். மறுக்க மாட்டேன்.

மற்றவர்கள், பௌதிக ஆசிரியர் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். கட்டடத்தைப் பிறகு பார்க்கலாம். நாலு வருஷக் காலேஜ் ஃபீஸைத் தனியாக எடுத்து வைத்த பிறகு, மிச்சத்தில் எந்தப் பள்ளி கட்டுப்படியாகும் என்று பாருங்கள். தாத்தாவின் மருத்துவச் செலவுப் பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.