தினமும் ஒரு பாட்டு வகுப்பு

நான் படித்த பள்ளியில் வாரத்துக்கு ஒரே ஒரு பாட்டு பீரியட். பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் முதலில் கேட்டு வாங்குவது அதைத்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

ஆனால் பாட்டுக்குத் தினமும் நேரம் ஒதுக்கிய பள்ளி ஒன்று உண்டு. ஹங்கேரியில் கெச்கெமேட் என்று ஓர் ஊர். இசையமைப்பாளர் சோல்தான் கொடாய் 1882-ல் பிறந்த ஊர் அது. கிராமம் கிராமமாக அலைந்து நாட்டுப்பாடல்களைச் சேகரித்தவர் அவர். தாய்மொழியைப் போலவே இசையையும் குழந்தை தன் மண்ணின் பாட்டிலிருந்துதான் கற்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1950-ல் அதே ஊரில் மார்த்தா நெமெஷ்செகி என்ற ஆசிரியை, தினமும் பாட்டு வகுப்பு உள்ள தொடக்கப்பள்ளியை ஆரம்பித்தார். கொடாய் கூடவே நின்று ஆதரித்தார்.

அங்கே வாத்தியக் கருவி எதுவும் இல்லாமலே பாடம் தொடங்கிவிடும். ஆசிரியர் கைதான் பலகை. இடுப்புக்கு நேரே மூடிய கை 'தோ' என்ற ஸ்வரம். தரையைப் பார்த்து விரித்த உள்ளங்கை 'மி'. தன் நெஞ்சைப் பார்த்தபடி, கட்டைவிரல் மேலே நிற்க, கொஞ்சம் உயர்ந்த கை 'சோ'. ஸ்வரம் ஏற ஏறக் கையும் ஏறும். பிள்ளைகள் அதைப் பார்த்துப் பாடுவார்கள். சத்தத்தைக் கண்ணால் பார்க்க வைக்கிற வித்தை! இந்தக் கைச்சைகை முறை இங்கிலாந்தின் ஜான் கர்வென் வகுத்தது. கொடாய் தயங்காமல் எடுத்துக்கொண்டார்.

பின்னாளில் ஹங்கேரியில் இத்தகைய பள்ளிகள் நூற்றுக்கும் மேல் பெருகின. எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு தலைமை ஆசிரியை பாட்டுக்கென்று கால அட்டவணையில் தினமும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காத்தார்.