சதுரங்கத்தில் முதற்பாடம்

சதுரங்கம் பழகத் தொடங்குவோர் பலர் சில மாதங்களிலே மனஞ் சலித்துப் பலகையை மூடி வைத்துவிடுகின்றனர். காய்களின் நடை அவர்களுக்குத் தெரியும். ஆட்டத்தைத் தொடங்கும் முறைகள் சிலவற்றை மனனமும் செய்திருப்பர். ஆயினும், எதிரி ஏட்டிலில்லாத ஒரு நகர்வைச் செய்ததும் மனனஞ் செய்தவை உதவாமற் போய்விடுகின்றன. தோல்வி தொடரவே, தமக்கு அதற்கேற்ற மூளை வாய்க்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகின்றனர். குறை மூளையிலன்று, கற்ற ஒழுங்கிலேயே உள்ளது.

இவ்வொழுங்கைத் தெளிவுறக் காட்டியவர் கியூபா நாட்டவரான ஹோசே ரவுல் கப்பபிளாங்கா. 1888 ஆம் ஆண்டு ஹவானா நகரிற் பிறந்த அவர், 1921 இல் இமானுவேல் லாஸ்கரை வென்று உலக வெற்றிவீரரானார். 1916 இல் ஒருமுறை தோற்றபின், 1924 வரை ஏறத்தாழ எட்டாண்டுகள் போட்டி ஆட்டம் ஒன்றிலேனும் அவர் தோற்றதில்லை. 1921 இல் வெளிவந்த அவரது 'சதுரங்க அடிப்படைகள்' என்னும் நூல் ஆட்டத்தின் முடிவிலிருந்தே பாடத்தைத் தொடங்குகின்றது. அரசனும் கோட்டையும் சேர்ந்து, தனித்து நிற்கும் எதிரரசனை மடக்குவது எவ்வாறு என்பதே அதன் முதற்பாடம்.

இதற்குத் தக்க காரணமுண்டு. முப்பத்திரண்டு காய்களும் நெருங்கி நிற்கையில் ஒவ்வொன்றின் வலிமையும் புலப்படாது. மூன்று நான்கு காய்களே எஞ்சும்பொழுது அது நன்கு விளங்கும். மேலும், வெல்லும் நிலையை அடைந்தும் முடிக்கத் தெரியாதவனின் உழைப்பு வீணாகும். எக்காயும் வெட்டப்படாமலும், எக்காலாளும் நகராமலும் இரு பக்கத்தாரும் ஐம்பது நகர்வுகளைச் செய்துவிட்டால், ஆட்டம் சமநிலை எனக் கோரலாம் என்பது விதி.

அடுத்துக் கற்க வேண்டியது காலாளின் முடிவு. ஒரு பக்கத்தில் அரசனும் காலாளும், மறுபக்கத்தில் அரசன் மட்டும் நிற்பதாகக் கொள்வோம். பழக்கமில்லாதவன் காலாளை ஓட்டிவிட்டு அரசனைப் பின்னே நிறுத்துவான். எதிரரசன் வந்து வழியை அடைத்துக்கொள்வான். தேர்ந்தவன் அரசனை முன்னே நடத்திக் காலாளைப் பின்தொடரச் செய்வான். இரு அரசர்களும் ஒரே நிரலில், இடையில் ஒரு கட்டம் விட்டு எதிரெதிரே நின்றால், நகர வேண்டிய முறை எவனுடையதோ அவனே விலகி வழிவிட வேண்டியவனாகின்றான். இதனை எதிர்நிலை என்பர். அரசன் ஆறாம் வரிசையை அடைய, காலாள் அவனுக்கு நேர் பின்கட்டத்தில் நின்றால், நகர்வு யாருடையதாயினும் வெற்றி உறுதி. ஓரத்துக் காலாளுக்கு மட்டும் இது பொருந்தாது.

அரசனின் இவ்வலிமையை 1924 இல் நியூயோர்க்கிற் கப்பபிளாங்கா தார்த்தகோவருடன் ஆடிய ஆட்டத்திற் காணலாம். இரு பக்கத்திலும் ஒவ்வொரு கோட்டையும் சில காலாட்களுமே எஞ்சியிருந்தன. கப்பபிளாங்கா தம் காலாட்களில் இரண்டை எதிரிக்கு இரையாக விட்டு, அரசனை முன்னே நடத்தினார். எதிரியின் காலாள் ஒன்றை வெட்டக்கூடிய வாய்ப்பிருந்தும் வெட்டவில்லை. எதிரியின் கோட்டை தாக்காதவாறு அக்காலாளையே மறைப்பாகக் கொண்டு அரசனை நிறுத்தினார். இழந்த காலாட்களுக்கு ஈடாகப் பின்னர் வெற்றியே கிடைத்தது. காய்களை எண்ணி மட்டும் ஆடுபவனுக்கு இத்துணிவு வாராது.

முடிவை அறிந்தவனுக்குத் தொடக்கம் எளிது. நடுக்கட்டங்களைக் காலாட்களாற் பிடித்தல், குதிரைகளையும் மந்திரிகளையும் விரைவில் வெளிக்கொணர்தல், கோட்டை கட்டி அரசனைக் காத்தல் ஆகிய மூன்றும் ஆரம்பத்துக்குப் போதும். எதிரியின் அரசியும் பிற காய்களும் உலவும்வரை அரசன் ஒதுங்கியிருக்க வேண்டும். அவை குறைந்தபின்னரே அவன் களத்தில் இறங்க வேண்டும்.

இவற்றோடு இரு பழக்கங்களும் வேண்டும். காயைத் தொடுமுன், எதிரி சற்றுமுன் செய்த நகர்வின் நோக்கம் யாதென ஒவ்வொரு முறையும் வினவுதல் ஒன்று. போட்டியில் தொட்ட காயையே நகர்த்த வேண்டியிருப்பதால், யோசனை கைக்கு முந்த வேண்டும். ஆடிய ஆட்டத்தை எழுதிவைத்து, தோற்ற இடத்தைத் தேடிக் காணுதல் மற்றொன்று.

தோற்று மனமுடைந்த சிறுவனிடம் மேலும் ஒரு நூலைக் கொடுப்பதிற் பயனில்லை. பலகையில் இரண்டு அரசர்களையும் ஒரு கோட்டையையும் மட்டும் வைத்து, பெற்றாரோ ஆசிரியரோ எதிரே அமரட்டும். தன் கையாலேயே ஓர் ஆட்டத்தை முடித்து வைத்த பிள்ளை, அடுத்த நாளும் பலகையைத் தேடி வரும்.