துணைப்பாடமா மனித உரிமையை எடுங்க!

தம்பிகளே, தங்கைகளே! வேதியியல் படிக்கிற பிள்ளைக்கு மனித உரிமைப் பாடம் எதுக்கு, வேலை கிடைக்குமான்னு வீட்டுல கேப்பாங்க. நியாயமான கேள்விதான். வேலைக்கு உங்க மெயின் பாடம் இருக்கு.

ராத்திரி உங்க தெருவுல ஒருத்தரை போலீஸ் கூட்டிட்டுப் போகுதுன்னு வைங்க. கைதுக்குக் காரணம் சொல்லணும், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தணும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு. (குண்டர் சட்டத்துக்கு இது பொருந்தாது. ஏன்னு படிச்சாதான் கோபம் வரும்!) கைதுக் குறிப்புல குடும்பத்தாரோ, ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்து போடணும். 1996-ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு இது. அந்தத் தெருவுல எத்தனை பேருக்குத் தெரியும்?

பெண்களுக்கும், பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. கேட்டாத்தானே கிடைக்கும்! மனித உரிமை ஆணையத்துக்குப் போற புகார், சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள போயாகணும். 1993-ம் வருஷச் சட்டம் அப்படி. பயந்துகிட்டு காத்திருந்தா கதவு மூடிரும்.

உங்க கல்லூரியில இந்தப் பாடம் இல்லையா? பத்துப் பேர் கையெழுத்து போட்டு, இந்த வாரமே கல்லூரி முதல்வர்கிட்ட மனு குடுங்க.