மழைக்கு முன் கூரையைத் துப்புரவு செய்தல்
(கருவேப்பிலங்குறிச்சியில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



களத்தைப் பெருக்குகிறோம், மாட்டுக் கொட்டிலைக் கழுவுகிறோம், வாயிலில் நாள்தோறும் கோலமிடுகிறோம். தலைக்கு மேலுள்ள கூரையை நாம் நினைப்பது எப்போது? ஐப்பசி அடைமழையில் அடுக்களைக்குள் நீர் சொட்டும்போதுதான். உடனே வீட்டு இளைஞன் ஒருவன் ஈரமான ஓட்டின்மீது துணையின்றி ஏறுகிறான். உயிருக்குக் கேடு தேட இதனினும் எளிய வழி வேறில்லை. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் தவறி விழுந்து இறக்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் தெரிவித்தது. விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கே உரியது.

ஆதலின் இவ்வேலைக்குரிய காலம் ஆவணி மாதமே. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். ஆவணியிலும் மாலையில் இடிமழை வருவதுண்டு. ஆகவே வெயில் காய்ந்த காலைப்பொழுதிலேயே வேலையை முடித்துவிட வேண்டும்.

இறவாரத்தில் கட்டியுள்ள தகரக் கால்வாயைப் பாருங்கள். வேப்பிலையும் முருங்கை இலையும் மட்கி அதில் சேறாகக் கிடக்கும். நூறு சதுர மீட்டர்ப் பரப்புள்ள கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் இறங்குகிறது. வடிகுழாய் அடைபட்டால் அந்நீர் கால்வாய் விளிம்பைத் தாண்டிச் சுவரில் வழியும். மண்சுவராயின் அடிப்பகுதி கரையும். தேங்கிய நீரில் டெங்குக் கொசு ஏழு முதல் பத்து நாட்களுக்குள் முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்டிவிடும். 2003-ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. கூரை அழுக்காயிருந்தால் அத்தொட்டியில் சேர்வதும் அழுக்கே.

ஏணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லுதல் வேண்டும். நான்கடி உயரத்திற்கு ஓரடி வீதம் ஏணியின் அடி சுவரை விட்டு விலகியிருக்க வேண்டும். பன்னிரண்டடி உயரத்தில் சாயும் ஏணிக்கு மூன்றடி விலக்கம் தேவை. அதன் தலை இறவாரத்திற்கு மேல் மூன்றடி நீண்டிருத்தல் நன்று. தகரக் கால்வாயின்மீது ஏணியைச் சாய்த்தல் கூடாது. அது வளைந்து கழன்றுவிடும். கீழே ஒருவர் ஏணியைப் பிடித்து நிற்க வேண்டும். கைக்கு எட்டாத இடத்தை எட்டிப் பிடிக்க முயலாமல், இறங்கி ஏணியை நகர்த்துக. இந்தச் சோம்பலால் விழுந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஓட்டினடியில் தேளும் குளவிக் கூடும் இருத்தல் கூடுமாதலால், கையை விடுமுன் கோலால் தட்டிப் பார்க்கவும்.

பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற விருத்தாசலத்தின் அருகே வாழும் நமக்குச் சுட்ட மண்ணின் இயல்பைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. அது அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. இரு ரீப்பர்க் கட்டைகளுக்கு நடுவே ஓட்டின்மீது கால் வைத்தால் அது முறிவது இதனாலேதான். கூரைமேல் ஓர் ஏணியைக் கிடத்தி, அதனை மோட்டின் மறுபுறத்தில் கயிற்றால் உறுதியாகக் கட்டி, அதன் படிகளின்மீது மட்டும் நடப்பதே பாதுகாப்பு. ஓட்டைத் தட்டினால் கணீரென ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் அதில் விரிசல் இருக்கலாம், மாற்றிவிடுக.

சிமெண்டு அட்டை வேய்ந்த கொட்டகைகள் இன்னும் கொடியவை. பழைய அட்டை எச்சரிக்கையின்றிப் பிளந்து மனிதனை உள்ளே விழுத்திவிடும். அதன்மீது ஏறவே வேண்டா. ஏணியில் நின்று நீண்ட துடைப்பத்தால் தள்ளுக. உலர்ந்த நிலையில் சுரண்டினால் கல்நார்த் துகள் பறந்து நுரையீரலைக் கெடுக்கும்; நனைத்தபின் தொடுக.

இனி மின்கம்பி. கூரையோரத்துப் பீங்கான் வளையத்தில் தங்கி வரும் கம்பியில், வீட்டு மெயின் சுவிட்சை நிறுத்தினாலும் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அச்சுவிட்சு வீட்டிற்குள் செல்லும் மின்சாரத்தையே நிறுத்துகிறது. கம்பியின் அருகில் வேலையிருப்பின் மின்வாரிய ஊழியரைக் கொண்டு இணைப்பைத் துண்டித்த பின்னரே ஏணியை நிறுத்துக. ஈர மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், ஓடுகளையும் மின்கம்பங்களையும் ஒருங்கே சாய்த்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய வேளையில் அவசரப்பட்டு ஏறுவது பெருந்தவறு.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக் கூரைக்கும் அங்கன்வாடிக் கூரைக்கும் ஓராள் கூலி மட்டும் ஒதுக்கி ஒருவரைத் தனியே ஏற்றிவிடுவது சிக்கனமன்று. இருவர் கூலியும், உறுதியான ஏணி ஒன்றும், கயிறும் ஊராட்சிக் கணக்கில் இருக்கட்டும். எவரேனும் விழுந்துவிட்டால் தோளைப் பற்றித் தூக்கி உட்கார வைக்காதீர். கழுத்தும் முதுகும் அசையாமல் படுத்திருக்கச் செய்து 108-ஐ அழையுங்கள்.

துப்புரவு முடிந்ததும் கால்வாயின் மேல்முனையில் இரண்டு குடம் நீர் ஊற்றிப் பாருங்கள். நீர் தங்குதடையின்றி வடிகுழாயை அடைந்தால் வேலை நிறைவு. நடுவில் தேங்கினால் தகரம் அங்கே தொய்ந்திருக்கிறது. அவ்விடத்துத் தாங்குகம்பியைச் சற்று உயர்த்தி ஆணியடித்து, மீண்டும் ஒரு குடம் ஊற்றிப் பார்க்கவும்.