“எல்லாம் நன்று” என்று குறிக்குமுன்…
(மிசிசாகாவில் பெற்றோர், இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின்னர் நம்மிற் பலருக்குக் கருத்தாய்வுப் படிவம் ஒன்று வருவதுண்டு. அதனைப் பிரித்துப் பாராமலே எறிந்துவிடுவோர் பலர். நிரப்புவோருள்ளும் முதியவர்கள் எல்லாவற்றிற்கும் “நன்று” என்றே குறித்து விடுகின்றனர். உயிர் காத்தவரைக் குறை கூறலாகாது என்பது நம் பண்பு. அப்பண்பு போற்றுதற்குரியது. ஆனால் படிவம் கேட்பது நன்றியை அன்று; நடந்ததை.

ஒன்ராறியோவில் 2010ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட ‘அனைவருக்கும் சிறந்த பராமரிப்பு’ச் சட்டம், பொது மருத்துவமனைகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் நோயாளரிடமும் அவர்களைப் பராமரிப்போரிடமும் கருத்தாய்வு நடத்த வேண்டும் என விதித்தது. அம்முடிவுகளைக் கருத்திற்கொண்டே தர மேம்பாட்டுத் திட்டத்தை வகுத்து, பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும் கூறியது. நம் மிசிசாகா மருத்துவமனைக்கும் கிரெடிட் வலி மருத்துவமனைக்கும் இது பொருந்தும்.

“மனநிறைவு அடைந்தீர்களா?” என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலோர் “ஆம்” என்றே விடையளிப்பர் என்பதை ஆய்வாளர்கள் முன்னரே கண்டறிந்தனர். ஆகவே கேள்விகள் மாறின. “தாதியர் உங்களுக்கு விளங்கும் வகையில் எத்தனை முறை எடுத்துரைத்தனர்? ஒருபோதும் இல்லையா, சில வேளைகளிலா, எப்போதுமா?” என்று அனுபவத்தையே வினவும் முறை வந்தது. அமெரிக்க மருத்துவமனைகளில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் கருத்தாய்வு இவ்வகையினது.

ஆங்கிலம் அறியாத ஒரு பாட்டிக்கு அக்கேள்வியின் விடை என்ன? பேரப்பிள்ளை விளக்கினான்; மருத்துவர் விளக்கவில்லை. அந்த உண்மை படிவத்தில் ஏறாவிடின், மொழிபெயர்ப்பாளர் தேவை என்பது எவர்க்கும் தெரியவராது. தரவுகளோடு நாளும் பணியாற்றுபவன் என்ற முறையிற் கூறுகிறேன்: பதிவாகாத குறை, கணினிக்கு இல்லாத குறையே.

இது வெறும் வசதி பற்றிய பேச்சன்று. 2003ஆம் ஆண்டு கிளென் புளோரெஸ் குழுவினர் அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களின் 13 மருத்துவச் சந்திப்புகளை ஆராய்ந்தனர். ஒரு சந்திப்பிற்குச் சராசரி 31 மொழிபெயர்ப்புப் பிழைகள் காணப்பட்டன. மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர் செய்த பிழைகளுள் 53 விழுக்காடு சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. பயிற்சியற்றோர் செய்தவற்றுள் அது 77 விழுக்காடு. மருந்தின் அளவும் ஒவ்வாமையும் இவ்வாறுதான் தவறிப்போகின்றன.

எனவே மூன்று வேண்டுகோள்கள்.

பெற்றோர்களே, மருத்துவமனைக்குச் செல்லுமுன்னரே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். உணவு, வழிபாடு, பெண் மருத்துவர் முதலிய உங்கள் விருப்பங்களையும் வாய்விட்டுக் கூறுங்கள்.

இளையோரே, படிவத்தை உங்கள் ஊகத்தால் நிரப்பாதீர்கள். அம்மம்மாவிடம் ஒவ்வொரு கேள்வியையும் தமிழிற் கேட்டு, அவர் சொன்னதையே எழுதுங்கள். “எனக்குத் தமிழில் விளக்கப்படவில்லை” என்ற ஒரு வரி போதும்.

குறை பெரிதாயின் முதலில் மருத்துவமனையின் நோயாளர் தொடர்புப் பிரிவை நாடுங்கள். அங்கு தீராவிடின், 2016 முதல் இயங்கிவரும் ஒன்ராறியோ நோயாளர் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம்.

குறையைக் கூறுவது நன்றி மறத்தலாகாது. அடுத்த கட்டிலிற் படுக்கப்போகும் தமிழருக்கு நாம் செய்யும் உதவி அது.