மூச்சடக்கும் நேரத்தில் ஒரு பெயர்



சில வருஷங்களுக்கு முன் தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரையில் நான் ஒரு படம் எடுத்தேன். ஒரு மணி நேரம்கூட ஓடாது. சங்கு குளிக்கப் போகிறவர்களும், அவர்களுடைய அப்பா, தாத்தா காலத்து முத்துக்குளிப்பும்தான் அதில் வரும். தூத்துக்குடியில் கடைசியாக முத்துச்சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்தது 1961-இல். அதில் கடலுக்குள் இறங்கிய பெரியவர் ஒருவர், கல்லில் காலை வைத்து எப்படி இறங்குவார்கள் என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே செய்து காட்டினார். மூச்சை அடக்கிக்கொண்டு, விரலால் தரையைத் துழாவிச் சிப்பி பொறுக்கினார். எப்போது மூச்சு விடுவாரோ என்று கேமராவுக்குப் பின்னால் நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

பேசியவர்கள் எல்லாருடைய பெயரையும் படத்தின் முடிவில் போட்டேன். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே 100 டிவிடி எழுதி, ஒவ்வொன்றுக்கும் நானே அட்டை மடித்தேன். பனிமய மாதா கோவில் திருவிழாவில் விற்றேன், விலை 60 ரூபாய். ஜூலை 26-இல் கொடி ஏறியது. திருநாளான ஆகஸ்ட் 5 வருவதற்குள் ஒரு தள்ளுவண்டியில் என் படம் 20 ரூபாய்க்குத் தொங்கியது. வாங்கி வந்து போட்டுப் பார்த்தேன். படத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பெயர்கள் வரும் கடைசி இரண்டு நிமிஷத்தைக் காணோம். பணம் போனதை ஒருவழியாக ஆற்றிக்கொண்டேன். அந்தப் பெரியவரின் பெயரை வெட்டி எறிந்ததை இன்றுவரை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

அதன்பிறகு டிவிடிக்குப் பூட்டுத் தேடி அலைந்தேன். பெரிய கம்பெனிகள் போடுகிற பூட்டுக்கு சி.எஸ்.எஸ். என்று பெயர். படத்தை மறைமொழியாக்கி, அதைத் திறக்கும் சாவியை டிவிடியின் உட்புற ஓரத்தில் ஒளித்து வைப்பார்கள். தொழிற்சாலையில் அச்சடிக்கும் டிவிடியில்தான் இது முடியும். கடையில் நாம் வாங்கும் காலி டிவிடியைத் திருப்பிப் பாருங்கள், கத்தரிப்பூ நிறத்தில் மினுங்கும். சாவி எழுத வேண்டிய இடத்தை அதில் முன்கூட்டியே அடைத்துவிட்டுத்தான் விற்கிறார்கள். நம்மைப் போன்ற சின்ன ஆட்களுக்கு அந்தப் பூட்டே கிடையாது. கிடைத்தாலும் என்ன? 1999-இல் நார்வேயில் யோன் லெக் யோஹான்சன் என்ற 15 வயதுப் பையனும் கூட்டாளிகளும் அதைத் திறக்கும் மென்பொருளை வெளியிட்டுவிட்டார்கள். 2002-இல் வந்த ஒருவகைப் பாட்டு சிடியின் பூட்டோ, விளிம்பில் மார்க்கர் பேனாவால் கோடு இழுத்ததற்கே திறந்துகொண்டது.

நகல் எடுக்க முடியாதபடி வேண்டுமென்றே பழுதான பகுதிகளைச் சேர்த்து எழுதும் மென்பொருளையும் வாங்கிப் பார்த்தேன். காசு கொடுத்து வாங்கியவர்கள்தான் "தம்பி, பாதியிலேயே நிக்குதே" என்று திரும்பி வந்தார்கள். அன்றோடு பூட்டு யோசனையை விட்டேன்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்து முடித்ததுமே உரிமை வந்துவிடும், பதிவு செய்யாவிட்டாலும் வரும். படம் வெளியான பின் அது 60 வருஷம் நிற்கும். அனுமதியில்லாமல் நகல் போட்டு விற்றால் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை. தமிழ்நாட்டில் 2004-இல் திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். ஆனால் அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவு நம்மிடமும் ஒன்று கேட்கிறது. தயாரித்தவர் பெயர், முகவரி, உரிமையாளர் பெயர், முகவரி, வேண்டிய அனுமதியெல்லாம் வாங்கியிருக்கிறேன் என்ற உறுதிமொழி, இவ்வளவும் படத்திலும் உறையிலும் இருக்க வேண்டும். கோவில் கொடை வீடியோவுக்கும் கல்யாண வீடியோவுக்கும் சினிமாப் பாட்டை எடுத்துப் போடுகிறோமே, யாரிடம் கேட்டோம்? நானும் போட்டவன்தான். இப்போது போடுவதில்லை. அடுத்தவர் பாட்டை எடுத்து ஒட்டிக்கொண்டு, என் படத்தைத் திருடிவிட்டான் என்று ஸ்டேஷன் படி ஏற எனக்கு மனம் ஒப்பவில்லை.

இயக்குநர் சேரன் வேறு வழி பார்த்தார். 2015-இல் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை சி2எச் திட்டத்தில் 50 ரூபாய் டிவிடியாக நேரே வீடுகளுக்குக் கொண்டுவந்தார். அதற்கும் திருட்டு நகல் வந்தது. ஆனாலும், வாங்க நினைப்பவர் கைக்கு நல்ல டிவிடி முதலில் போய்ச் சேர வேண்டும் என்ற அவருடைய கணக்கு சரி என்றே நினைக்கிறேன். நானும் என் விலையை 30 ஆகக் குறைத்தேன்.

தியேட்டரில் ஓடும் டிஜிட்டல் படத்தில் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் ஒன்று உண்டு. எந்தத் தியேட்டர், எந்த நேரம் என்பதைத் திருட்டு நகலிலிருந்தே கண்டுபிடிக்கலாம். அதையே சின்ன அளவில் செய்கிறேன். எந்தக் கடைக்குக் கொடுத்தாலும், அந்தக் கடைக்கென்று படத்தின் ஓர் இடத்தில் ஒரு சின்னப் புள்ளி. வெளியே நகல் வந்தால் எந்தக் கடையிலிருந்து போனது என்று தெரிந்துவிடும்.

பெயர்களை இப்போது முடிவில் வைப்பதில்லை. பெரியவர் திண்ணையில் மூச்சடக்கும் காட்சி முழுவதும் அவர் பெயர் திரையின் நடுவில், சிப்பி பொறுக்கும் அந்தக் கையின் மேலேயே நிற்கிறது. புது டிவிடி ஒன்றை அவர் வீட்டில் கொடுத்தேன். பேரப்பிள்ளை அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, எழுத்துக் கூட்டி, தாத்தா பெயரைச் சத்தமாக வாசித்தான்.